ஓதம்

முத்தோரைச் சரிவில் இரவு இரண்டு மணி.
புல்லெல்லாம் உப்பளம் போல் வெளுத்திருக்கிறது.
உறைபனிதான். இருந்தாலும் பிறந்த ஊர்ப் பழக்கத்தில்
ஒருமுறை நாக்கில் வைத்துப் பார்த்தேன்,
வேலைக்கு வந்த முதல் ஜனவரியில்.

என் பெயர் விண்ணரசி.
புன்னைக்காயல் மாதாகோவிலில்
தலையில் ஊற்றிய தண்ணீரோடு வந்த பெயர்,
இந்த உத்தியோகத்துக்காக வைத்ததல்ல.
கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லி அலுத்துவிட்டது.

அரைக் கிலோமீட்டர் நீளக் கம்பி வலை
மலையோடு மலையாய்ச் சாய்ந்து படுத்து
தெற்கே, குந்தா முகடுகளுக்கு மேல்,
கப்பற்பாய் என்கிற விண்மீன் கூட்டத்தைக் கேட்கிறது.
பாய் கிழிந்த இடத்தில் ஒரு செத்த நட்சத்திரம்.
நம் சூரியனைவிடக் கனம்.
ஊட்டியில் ஒரு விளிம்பை வைத்தால்
மறு விளிம்பு குன்னூரைத் தாண்டாது.
நொடிக்குப் பதினொரு சுற்று.
ஒலிபெருக்கியில் போட்டால்
தட்டச்சுப் பொறியில் யாரோ மூச்சுவிடாமல்
ஒரே எழுத்தை அடிக்கிற சத்தம்.

ஜெனரேட்டர் பார்க்கும் ஜோகன்
கட்டங்காப்பியோடு வந்து கேட்டார்:
"அம்மிணி, அதுக்குப் பக்கத்தில போனா எரிஞ்சிருவமா?"

எரிவதற்கு முன் கிழிவோம் என்றேன்.
காலை நீட்டி விழுந்தால்
காலை இழுக்கிற பலம் ஒன்று, தலைக்கு வேறொன்று.
அங்கே ஓர் ஆளின் உயரமே பெரிய தூரம்.
இழுப்பைக்கூடத் தாங்கலாம்.
இரண்டு இழுப்புக்கும் நடுவே உள்ள கழித்தல்
ஆளைக் கொன்றுவிடும்.
எங்கள் கரையில் நிலா செய்கிற அதே வேலை.
ஏத்தம், வத்தம் என்போம்.
ஊரில் அது படகை மணலில் உட்காரவைக்கும்,
நட்சத்திரத்தருகே எஃகை நூலாய் இழுக்கும்.

ஜோகன் கடல் பார்த்ததில்லை.
ஏழாயிரம் அடிக்கு ஓதம் ஏறி வருவதில்லை.
புரிந்திருக்காது என்றுதான் நினைத்தேன்.

காப்பியை ஊதினார். ஆறிய பிறகும் ஊதினார்.
"அப்ப நடுவுல இருக்கறவன்?"

நடுவிலா?

"கால்பக்கமும் இல்லாம, தலைப்பக்கமும் இல்லாம.
சுருண்டு. சின்னதா."

அவன் பிழைக்கலாம் என்றேன், ஒருவேளை.
கலத்தின் சரியான மையத்தில்
முழங்காலைக் கட்டிக்கொண்டு மிதந்தால்.
எந்தப் பக்கமும் கை நீட்டாமல்.

பிறகு அவர் சொன்னது, சொன்ன வரிசையிலேயே:
நவம்பர். மூன்று நாள் மழை. கேத்திப் பக்கம் பழைய வீடு.
ருக்கி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள்.
கேரட் தோட்டம்தான் முதலில் நடந்துபோனது.
வீட்டின் கீழ்ப்பாதி அதன் பின்னால் போனது:
சமையலறை, அரிசி டிரம், தவணை முடியாத கிரைண்டர்,
அங்கே படுத்திருந்த அண்ணன் மகன்.
மேல்பாதி போக மறுத்து நின்றது.
நின்றதன்மேல் மேட்டுமண் வந்து உட்கார்ந்தது.
மேலறையில் அண்ணன்.
நடு அறையில், கம்பளிக்குள் சுருண்டு, ஜோகன்.
"சத்தம்கூடப் பெரிசா இல்ல, அம்மிணி.
துணி கிழிக்கிற மாதிரி."

ஒலிபெருக்கி அடித்துக்கொண்டே இருந்தது.
அணைக்கலாமா என்று தோன்றியது, அணைக்கவில்லை.
வேலிக்கு அப்பால் ஒரு காட்டெருமை
பனியை முகர்ந்துவிட்டு நகர்ந்தது.
குறிப்பேட்டில் நேரம், வெப்பம், காற்று எழுதினேன்.
பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு. காற்று இல்லை.
ஜோகனுக்கு அதில் கட்டம் இல்லை.

ஐந்து மணிக்கு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தவர்
கதவருகே நின்று சொன்னார்:
புது வீட்டிலும் கட்டிலை
எந்தச் சுவரோடும் சேர்க்க விடுவதில்லையாம்.
நான்கு பக்கமும் அளந்து,
சுண்ணாம்பால் குறிவைத்து, நட்ட நடுவில்.
இருட்டில் தண்ணீர் குடிக்க எழும் ருக்கி
தினமும் அதில் முழங்காலை இடித்துக்கொண்டு
அவரைத் திட்டுவாளாம்.
திட்டிவிட்டு வந்து
விளிம்பில் படுத்துக்கொள்வாளாம்.